சின்ன ஜெட்டுக்காரி

குண்டூசி என் தம்பி பொண்டாட்டி. அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் எங்கள் பட்டறை வெல்டர். ஆள் ஒல்லி, பேச்சு குத்தும். அவளைப் பற்றி எழுத எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் ஊரில் ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள். நடந்ததைச் சொல்ல என்னை விட்டால் யார்?

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கிரீஸ் துடைக்கிற வேலையில் தொடங்கி, என் கையால் தூண் நட்டுக் கட்டிய பட்டறை இது. முன் பாதியில் இன்ஜின் வேலை, என்னுடையது. பின் பாதியில் தம்பி கார்புரேட்டர் மட்டும் பார்ப்பான். அவனுக்குக் கை நடுக்கம் வந்தபோதுதான் இவள் பெஞ்சுக்கு வந்தாள். தையல்காரர் மகள், பொடிச் சாமான் கையாளத் தெரியும். அவன் வாயால் சொல்லுவான், இவள் திருகுவாள். கடைசியில் அவன் சொல்வதையும் நிறுத்திவிட்டான், சும்மா பார்த்துக்கொண்டிருப்பான்.

தம்பி கண்ணை மூடியதும் பின் பாதிக்கு என் பூட்டைப் போட்டேன். நான் கட்டிய இடம், நான் பூட்டினேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

அதுவரை மாமா என்றவள் அன்றிலிருந்து பெரியவரே என்றாள். தினமும் வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, ஸ்கூட்டர் கார்புரேட்டர் கழுவுவாள். கதவை விட்டு நகரவே மாட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஐஸ் கம்பெனிக்காரர் தன் சிவப்புக் காரோடு மூன்றாம் தடவையாக வந்து நின்றார். வேகத்துக்காக நான் மாற்றிக் கட்டிய இன்ஜின். அதை முந்த இந்த ஊரில் வண்டி கிடையாது.

"மிதிச்சா புலி மாதிரி பாயுதுண்ணே. நிதானமா அறுபதுல போனாத்தான், யாரோ பின்னாடி இருந்து சட்டையப் புடிச்சு இழுத்து இழுத்து விடற மாதிரி இருக்கு."

"நாலாவது தரமும் வருவீங்க சார்," என்றாள் ஸ்டூலிலிருந்து.

எனக்குச் சுருக்கென்றது. "வாய் இருக்கற அளவுக்குக் கை இருக்கா?"

"கை இருக்கு. பெஞ்சுதான் உள்ள பூட்டிக் கிடக்கு."

"இந்த வண்டிய ஒழுங்கா ஓட வை, சாவியத் தர்றேன். முடியலன்னா ஸ்டூலத் தூக்கிட்டுப் போ. அப்புறம் இந்தப் பக்கமே வரக்கூடாது."

"சார் சாட்சி," என்று எழுந்தாள்.

இன்ஜினில் நான்கு புது ஸ்பார்க் பிளக்கைப் போட்டாள். தன் ஊசிநூல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். நான் பக்கத்தில், அவர் பின்னால். ஊர் தாண்டியதும் அறுபதில் வைத்து, காலை இம்மியும் அசைக்காமல் ஓட்டினாள். கார் விக்கி விக்கிப் போனது. திடீரென்று இன்ஜின் நின்று, வண்டி சத்தமில்லாமல் ஓரமாக உருண்டது.

"போச்சா! பாயற வண்டியப் படுக்க வெச்சுட்டா பாருங்க சார்!" வயிறு குலுங்கச் சிரித்தேன்.

"நான்தான் ஆஃப் பண்ணேன். இறங்குங்க பெரியவரே, பானெட்டத் தூக்கணும்."

துணியைச் சுற்றிச் சூடான பிளக்கைக் கழற்றி என் மூக்குக்கு நேரே நீட்டினாள். சுண்ணாம்பு வெள்ளை. பெட்ரோல் போதாத வெள்ளை.

"நான் பாத்தப்போ கருகருன்னு இருந்துச்சு," என்றேன். பொய் இல்லை.

"இருக்கும். முழு மிதி மிதிச்சுட்டு வந்து கழட்டிப் பாத்திருப்பீங்க. அது முழு மிதிக்குப் பெட்ரோலக் கொட்டற பெரிய ஜெட்டோட கறுப்பு. வேகம் போயிடும்னு அதத் தொடாம, பாவம், சின்ன ஜெட்டோட துளையக் குறைச்சீங்க. லேசா மிதிக்கறப்போ வண்டி அது வழியாத்தான் குடிக்கும். நொண்டுற நேரத்துலயே நிறுத்திப் பாத்தாத்தானே தெரியும்?"

டப்பாவிலிருந்து, துளை ஒரு சுற்றுப் பெரிதான வேறொரு சின்ன ஜெட்டை எடுத்து, அங்கேயே மாற்றினாள். திரும்பி வரும்போது விக்கலைக் காணோம். மறுபடி விக்காதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். பின்சீட்டில் ஐஸ் கம்பெனிக்காரர் பெரிதாகக் கொட்டாவி விட்டார்.

அவள் கண்ணாடியில் பார்த்தாள். "சாட்சி சொல்லியாச்சு."

பட்டறையில் இறங்கியதும் சாவியை பானெட் மேல் வீசினேன்.

"பெயிண்ட் கீறும். கையில குடுங்க."

எடுத்துக் கையில் கொடுத்தேன். கதவைத் திறந்தவள் பூட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். "இது உங்களுது. நான் வேற வாங்கிக்கறேன்."

அவள் வாங்கிய பூட்டு மட்டமான சரக்கு. என்னுடையதுதான் நல்ல பூட்டு.

இன்றும் எங்களுக்குள் பேச்சு இல்லை. நிதானத்தில் நொண்டுகிற வண்டி வந்தால் பின்பக்கம் கையைக் காட்டுவேன். வாயால் சொல்ல மாட்டேன்.