யூஜினா குளிசையை விட்ட தவக்காலம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரியில் மீன் வைத்த மாலு பாண் விற்கும் யூஜினாவுக்கு முதலில் அருவருப்புத் தந்தது தன் வாய்தான். மூட்டு வீக்கத்துக்கு ஸ்டீரொயிட் குளிசை தொடங்கியதிலிருந்து அது அடங்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போதே வயிறு மறுபடி கேட்கும். உடைந்த பட்டிஸை யாரும் காணாமல் அடுப்படியில் நின்று விழுங்குவாள். பிறகு முகம் ஊதியது. தாடையில் பூனைமயிர் முளைத்தது. பிடரியில் கொழுப்புத் திரண்டது. தட்டு விளிம்பு பட்டாலே தோல் ஈரக் கடதாசி போல் உரிந்தது. விரல்கள் மடங்கின, வேலை செய்ய முடிந்தது. அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கண்ணாடியைப் பார்த்தால், யாரோ ஒருத்தி தன் சட்டைக்குள் புகுந்து கொழுத்துவிட்டாள் என்றே தோன்றும்.

சனம் சும்மா விடுமா? "அக்கா, முழுப் பேக்கரியும் உள்ளுக்குப் போயிட்டுது போல!" என்பார்கள். கணவனின் தங்கை டெல்சியா இன்னும் மோசம். கோயில் வாசலில் நாலு பேர் கேட்க, "மச்சாள், தவக்காலத்திலயாவது அந்த வாயைக் கட்டுங்கோவன்" என்றாள்.

சுருக்கென்றது. பொழுதுபடும் வரை ஒன்றும் உண்பதில்லை என்று, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று யூஜினா நேர்ந்துகொண்டாள். குளிசையை வெறும் வயிற்றில் போடக்கூடாது. இரவில் போட்டால் நித்திரை வராது. ஆகவே அடியோடு விட்டாள். கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நோன்பை வெளியே சொன்னால் பலன் போய்விடுமாம். கணவன் யேசுரட்ணத்திடம்கூட மூச்சு விடவில்லை.

முகம் சற்று வற்றியது. டெல்சியா மெச்சினாள். பசியும் செத்தது. ஜெபம் கேட்கப்பட்டது என்று யூஜினா நம்பினாள். உண்மையில் உடம்பு விழத் தொடங்கியிருந்தது. மூட்டுகள் வீங்கின, எழுந்தால் தலை சுற்றியது. ஒரு காலை, கடைக்குள் பச்சையாக வாந்தியெடுத்துப் பாண் தட்டுகளுக்கு நடுவே சரிந்தாள். ஐஸில் வைத்த மீன் மாதிரிக் குளிர்ந்து கிடந்தவளை, செய்தி கேட்டு வந்த யேசுரட்ணம் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

சேலைனும் ஊசியும் ஏறி அவள் கண் திறந்ததும் லேடி டொக்டர் பாய்ந்தார்.

"ஆரம்மா உங்களுக்கு நிப்பாட்டச் சொன்னது?"

"நோன்பு, டொக்டர்."

"நல்ல நோன்பு! இவ்வளவு காலம் ஸ்டீரொயிட்டை வெளியால குடுத்ததில உங்கட உடம்பு அதைத் தானாச் சுரக்கிறதை மறந்திட்டுது. சட்டெண்டு விட்டா உயிர் போகும். குறைக்கிறதெண்டா நாங்கதான் மெல்ல மெல்லக் குறைக்கோணும்."

பார்வையாளர் நேரத்தில் டெல்சியா வந்தாள். கட்டிலைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டாள்.

"ஐயோ மச்சாள், இளைச்சு என்ன வடிவா இருக்கிறீங்கள்!"

யூஜினா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சவப்பெட்டிக்குள்ள வச்சிருந்தா இன்னும் வடிவா இருந்திருப்பன். மேசையில இருக்கிற அந்தப் பாணை எடும்."

மென்றாள். குளிசையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். கசப்பு நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. இன்னொரு துண்டு கேட்டு வாங்கினாள். டெல்சியா அந்தக் கன்னங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும்.