ஓட்டுகிறவர்தான் ஊத வேண்டும்

ஓட்டுகிறவர் குடித்திருந்தால், தெரிந்தே கூட உட்கார்ந்து வருகிறவருக்கும் அபராதம் என்கிறார்கள். சரி, குடிக்காதவர் ஓட்டிக் குடித்தவர் உட்கார்ந்து வந்தால்? போன மாதம் கொழுந்தனாரைக் கல்யாண மண்டபத்திலிருந்து காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தபோது எனக்கு இந்தச் சந்தேகம் வந்தது. சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். கொட்டாவிதான் வந்தது. எங்கள் அம்மா இதையெல்லாம் புத்தகமே இல்லாமல் படித்தவள்.

அப்போது ஆரம்பாக்கத்தில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அப்பா குடிப்பதற்காக ஆந்திர எல்லையைத் தாண்டிப் போய்விடுவார். வெயில் தாழ அம்மா மொபெட்டை எடுத்துக்கொண்டு போய் அழைத்து வருவாள். விட்டால் லாரிகளுக்கு நடுவே நடந்து வருவார். வாரம் முழுக்கக் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்டு பார்க்கிற அம்மாவுக்கு, ஞாயிறு இன்னொரு ஷிப்டு.

அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து, அவருடைய துண்டாலேயே தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வாள். அரிசி மூட்டையையும் அப்படித்தான் கட்டுவோம், மூட்டை பாடாது. நான் முன்னால், ஹேண்டிலுக்கும் அவள் முழங்காலுக்கும் நடுவே நிற்பேன். மூன்று பேர் ஏறக்கூடாது என்றும் சட்டம் உண்டு. ஆனால் நான் அப்போது ஓர் ஆளாகக் கணக்கில் வரவில்லை.

ஒரு ஞாயிறு, திரும்பி வரும்போது செக்போஸ்ட்டில் புதிதாக வந்திருந்த ஏட்டு கை காட்டினார்.

"ஏம்மா, கப்புனு வாடை அடிக்குது. ஊது."

"குடிச்சது அவுரு சார். நான் ஓட்டினு வரேன்."

"அதத்தான் சொல்றேன். ஓட்றவங்கதான் ஊதணும்."

 வண்டியைப் பிடித்துவைத்துவிட்டால் மறுநாள் முதல் ஷிப்டுக்கு அம்மாவால் போக முடியாது. அவள் தற்காலிக ஆள். ஒருநாள் நின்றால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்கும்.

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னா சார் நீ, குடிச்சவன் குத்துக்கல்லாட்டம் குந்தினு இருக்கறேன், என்னை உட்டுட்டு அவளை ஊதச் சொல்ற? அவளுக்கு ஊதவே தெரியாது. நான் ஊதறேன்."

"நீ ஊதவே வேணாம் நைனா. நீ வர்றது ஒரு மைலுக்கு முன்னாடியே தெரிஞ்சுது."

ஏட்டு உள்ளங்கையை அம்மாவின் வாய்க்கு எதிரே நீட்டினார். அவள் ஊதினாள். அதே நேரத்தில் அவள் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி அப்பாவும் ஊதினார். மனைவிக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்திருப்பார். அவர் செய்த ஒரே ஒத்தாசை அது. ஏட்டு கையை மோந்து பார்த்துவிட்டு அம்மாவை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னம்மா, நீயும் சேர்ந்துதான் போட்டியா? எறங்கு. கட்டை அவுத்துட்டுத் தனியா வந்து ஊது."

அம்மா துண்டை அவிழ்த்தாள். அப்பா சாயாமல் நான் முட்டுக் கொடுத்தேன். பின்னால் நின்ற லாரிக்காரர்கள் தலையை நீட்டி வேடிக்கை பார்க்க, அவள் சாலையோரமாகப் போய் நின்று ஊதினாள். ஏட்டு திரும்பவும் ஊதச் சொன்னார். ஊதினாள்.

"சரி, போ. இந்தாளை எதுக்கு ஏத்தினு சுத்துற? அங்கயே உட்டுட்டு வர வேண்டிதானே?"

அம்மா அப்பாவை மறுபடி இடுப்போடு கட்டினாள். வண்டி கிடைத்துவிட்டது, வேலையும் போகவில்லை. முன்னால் நின்ற எனக்கு ஜெயித்து வருகிற மாதிரிதான் இருந்தது.

வயல் பக்கம் திரும்பியதும் வண்டியை நிறுத்தினாள். முதுகில் அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அம்மா தன் உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்து, மெதுவாக ஊதி, மோந்து பார்த்தாள். புடவையில் கையைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் ஊதிப் பார்த்தாள்.

"இன்னாம்மா வாசனை?" என்றேன்.

"ஒண்ணுமில்ல."

ஏட்டே பாஸ் போட்டு அனுப்பிய பிறகு, அம்மா எதற்காக மறுபடியும் அந்தப் பரீட்சையை எழுதுகிறாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.