திராட்சைப் பந்தலில் சமணப் பள்ளித் தூண்

பேய், ஆவி என்று எவனாவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். அதனால்தான் இவ்வளவு எரிச்சல். நம்பாதவனுக்கு நடந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? நீங்களும் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

கம்பம் பக்கம் எனக்குத் திராட்சைத் தோட்டம். பின்னாலிருக்கும் கரட்டுக் குன்றில் ஒரு பாண்டிய ராணி சமணப் பெண்துறவிகள் தங்கப் பள்ளி கட்டிக் கொடுத்தாளாம். இன்றைக்கு மிச்சம் பாறையில் வெட்டிய படுக்கைகள், ஒரு சுனை, முகம் தேய்ந்த சிற்பங்கள், சில தூண்கள். எறும்புகூட மிதிபடக் கூடாதென்று மயிற்பீலியால் தரையைக் கூட்டிக்கூட்டி நடந்தவர்கள் இருந்த இடம்.

நான் தேனிக்குப் போன நேரம் பார்த்து என் மச்சினன் அதிலொரு தூணை டிராக்டரில் இழுத்துவந்து, சாயவிருந்த பந்தலுக்கு மூலைக்காலாக ஊன்றிவிட்டான்.

"ஏலே மாப்ள, கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு?"

"அங்கன இருந்த சாமியாரம்மாக்கள்லாம் போயி எம்புட்டுக் காலமாச்சு மாமா! யாரு வந்து கல்லக் கேக்கப் போறாக?"

கம்பியின் இழுவை மொத்தமும் அந்தக் கல்மேல். பந்தல் நிறையக் காய். பிடுங்கினால் எல்லாம் மண்ணில். பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை, நல்ல வெயில், மாவுப்பூச்சிக்கு மருந்தடித்துக்கொண்டு போகிறேன். அந்த மூலைக்கு வந்ததும் மோட்டார் நிற்கிறது. நகர்ந்தால் ஓடுகிறது. திரும்பி வந்தால் நிற்கிறது.

"மோட்டாரு நல்லாத்தான் இருக்கு மாமா!" என்று வரப்பில் மோட்டாரடியில் நின்றே கத்துகிறான் மச்சினன்.

வந்ததே கோபம். தூணைப் பார்த்து, "ஏ ஆத்தா, எம் பொழப்புல ஏன் மண்ணப் போடுறீக?" என்று கத்தி ஒரு காலை முன்னால் தூக்கினேன். வைக்கும் முன்பே அந்தக் காலடி மண்ணை ஏதோ மெதுவாகக் கூட்டியது. இறகு படுவது போல என் கால்விரல்களிலும் பட்டது. மண்ணில் கோடு கோடாகத் தடம், ஓரமாக ஒதுங்கிப் போகும் எறும்புகள். ஆள் இல்லை.

அவ்வளவுதான். மருந்துக் குழாயை வீசிவிட்டு ஓடினேன். வேட்டி கொடியில் மாட்டி அங்கேயே நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை.

"மாமா, வேட்டி!"

மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்துக் கல்லைப் பிடுங்கினோம். அப்படியும் அந்த மூலைப் பந்தல் இறங்கி, காயெல்லாம் மண்ணில் உருண்டது. மச்சினனைத் திட்டிய திட்டு ஊருக்கே கேட்டிருக்கும். தூணைக் கரட்டிலேயே கொண்டுபோய் வைத்தோம்.

புதுக்கல் ஊன்றியாயிற்று. இப்போது மோட்டார் எங்கேயும் நிற்பதில்லை. ஆனால் அந்த மூலையில் பூச்சியைப் பார்த்துக் குழாயை நீட்டினால் அதன் பிடியிலுள்ள விசை மூடிக்கொள்கிறது. மூடுவது வேறு யாருமில்லை, என் கைதான். நான் மூடவில்லை.