குழாய் டீச்சர்

நாலாம் வகுப்பு டீச்சருக்கு அந்தப் பாடவேளை வந்து வாய்த்ததே, ஆண்டின் முதல் ஆசிரியர் கூட்டத்துக்குத் தாமதமாகப் போனதால்தான். வழியில் பஸ் பஞ்சர். பஸ்ஸை ஓட்டியவர் அவருடைய வீட்டுக்காரர் என்பதால் யாரையும் திட்டவும் முடியவில்லை. மூச்சு வாங்க உள்ளே நுழைந்தபோது வேலைகளெல்லாம் பங்கு பிரித்து முடிந்திருந்தன. விளையாட்டு விழா ஓவிய மாஸ்டருக்கு, நூலகம் ஐந்தாம் வகுப்பு டீச்சருக்கு. மிஞ்சியது 'நீதியும் தொண்டும்' என்ற பாடம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. அதை நடத்திவந்த வயதான சிஸ்டர் வேறு ஊர் மடத்துக்கு மாற்றலாகியிருந்தார்.

"உங்களுக்குச் சம்மதம்தானே டீச்சர்?" என்று தலைமை சிஸ்டர் கேட்டார். அவர் அப்படிக் கேட்டு 'இல்லை' என்று சொன்ன ஆசிரியர் அந்தப் பள்ளியில் அதுவரை கிடையாது.

டீச்சருக்கு வயது நாற்பத்து மூன்று. பத்தொன்பது வருடமாக அதே பள்ளி, அதே முதல் மாடி வகுப்பறை. வேக நடை, கொண்டையில் எப்போதும் ஒரு சாக்பீஸ். உயிர் கணக்கில்தான். கூட்டினால் விடை வரவேண்டும், வந்தால் சரிபார்க்கவேண்டும். நீதியை எப்படிச் சரிபார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

பாடப் புத்தகமும் கைகொடுக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் ஒரு நல்ல பிள்ளை ஓர் ஏழைக்கு எதையாவது கொடுத்துக்கொண்டிருந்தது. பழம், குடை, போர்வை. வாங்கிக்கொண்டவர் எல்லாப் படத்திலும் ஒரே தாடிக்காரர். படம் போட்டவருக்கு ஒரே ஓர் ஏழையைத்தான் தெரியும் போலிருக்கிறது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, முதல் வரிசையில் உட்காரும் ஒரு பெண் எழுந்தாள். சுருட்டை முடி. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. வகுப்பில் அவளுக்குக் 'கேள்விப் பெட்டி' என்று பெயர்.

"டீச்சர், இந்தத் தாத்தா நம்ம ஸ்கூல்ல இல்லையே. அப்ப நாங்க யாருக்கு உதவி செய்யறது?"

டீச்சர் புத்தகத்தை மூடினார். கணக்குப் புத்தி வேலை செய்தது. "சரி, ஒரு வாரம் சுத்திமுத்திப் பாருங்க. நம்ம ஸ்கூல்ல யாரு ரொம்பக் கஷ்டப்பட்டு வேலை செய்யறாங்கன்னு எழுதிட்டு வாங்க."

யாராவது தன் பெயரை எழுதுவார்கள் என்று அவருக்கு உள்ளூர ஓர் ஆசை இருந்தது. அடுத்த வெள்ளி முப்பத்து நாலு சீட்டுகள் வந்தன. மூன்று பேர் தலைமை சிஸ்டர் என்று எழுதியிருந்தார்கள், அது பயம். ஒருவன் தன் புத்தகப் பையை எழுதியிருந்தான். 'டீச்சர்' என்று ஒரே ஒரு சீட்டு, அதிலும் 'ச்' விட்டுப்போயிருந்தது. மற்ற இருபத்தொன்பதும் ஆயாம்மா.

ஆயாம்மா என்றால் பள்ளியைக் கூட்டித் துடைப்பவர். ஐம்பத்தாறு வயது, ஒல்லி. சேலையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே இழுத்துச் செருகியிருப்பார். மணி அடிப்பதும் அவர்தான், விழுந்து அடிபட்ட பிள்ளைகளைத் தூக்கி வருவதும் அவர்தான்.

"நல்ல பதில்" என்று டீச்சர் சொல்லி வாய் மூடவில்லை, கேள்விப் பெட்டி மறுபடி திறந்தது.

"ஆயாம்மா உங்களவிடப் பெரியவங்களா டீச்சர்?"

"ஆமா, பெரியவங்கதான்."

"அப்பறம் ஏன் அவங்கள நீங்க வா, போன்னு பேசறீங்க?"

டீச்சருக்குத் தன் குரலே காதில் ஒலித்தது. 'ஆயாம்மா, இங்க வா. ஆயாம்மா, இதத் துடை.' பத்தொன்பது வருடம். தான் மட்டுமா, பள்ளியே அப்படித்தான். ஒன்றாம் வகுப்புப் பொடிசுகூட 'ஆயாம்மா, ஷூ மாட்டி விடு' என்றுதான் சொல்லும். ஆனால் எல்லோரும் தப்பாகப் போட்டால் கணக்கு சரியாகிவிடாது என்று தினமும் கத்துகிறவர் அவர். நல்லவேளை, மணி அடித்தது. அடித்தவரும் ஆயாம்மாதான்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார்.

அவர் சிரித்தார். "எங்கிட்டயும் பாதிப் பேரு 'டிரைவர், நிறுத்து'ம்பாங்க, பாதிப் பேரு 'நிறுத்துங்க'ம்பாங்க. 'ங்க' போட்டவங்கள வாசல்லயே இறக்கி விடுவேன். மத்தவங்க நாலடி நடக்கணும்."

"இத்தன வருஷமா இதச் சொல்லவே இல்லையே நீங்க?"

"நீ எப்பக் கேட்ட?"

திங்கட்கிழமை காலை வராந்தாவில் ஆயாம்மா எதிரே வந்தார். டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆயாம்மா, இங்க வா... ங்க."

ஆயாம்மா திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை.

அன்று முழுக்க நாலாம் வகுப்பு, ஆயாம்மா மேல் 'ங்க'வைப் பொழிந்து தள்ளியது. வாங்க, போங்க, சாப்பிட்டீங்களா, மணி அடிச்சிட்டீங்களா. மதியம் அவர் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"டீச்சர், நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா?"

"ஐயோ, இல்லையே. ஏன்?"

"காலையிலேருந்து ஆளாளுக்கு மரியாதையாப் பேசறாங்க. வேலைய விட்டு நிறுத்தப் போறீங்களோன்னு பயமா இருக்கு."

டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே கண்ணும் கரித்தது. தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "முதல்ல உக்காருங்க" என்றார். ஆயாம்மா விளிம்பில் பட்டும் படாமல் உட்கார்ந்தார். பிள்ளைகள் எழுதிய சீட்டுகளை டீச்சர் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். பத்தாவது சீட்டில் ஆயாம்மா நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்கு இங்க ரொம்பக் கஷ்டமான வேல எது ஆயாம்மா?" என்று பிள்ளைகள் நடுவிலிருந்து ஒரு குரல்.

யோசிக்கவே இல்லை அவர். "தண்ணி. மாடியில குழாய் கெடையாது. துடைக்கிறதுக்கு, கழிவறைக்கு, எல்லாத்துக்கும் கீழேருந்து தூக்கணும். ஒரு நாளைக்குப் பன்னண்டு வாளி. நீங்க 'ங்க' போட்டுப் பேசறது காதுக்கு நல்லாத்தான் இருக்கு கண்ணுங்களா. முட்டிக்குத்தான் அது கேக்கல."

மறுநாள் காலையே நாலாம் வகுப்பு தொண்டில் இறங்கியது. இருபத்தாறு படிகளிலும் பிள்ளைகள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றினார்கள். முதல் வாளி பாதியாய் மேலே வந்தது. இரண்டாவது கால்வாசி. மூன்றாவது வாளி மேலே வரவே இல்லை. நடுவில் யாரோ தும்ம, படிக்கட்டே அருவியானது. கீழேயிருந்து வந்த ஓவிய மாஸ்டர் நான்கு படிகளை உட்கார்ந்தபடியே கடந்தார். ஆயாம்மா மாடியையும் துடைத்து, படிக்கட்டையும் துடைத்து, முப்பத்து நாலு பேரின் தலையையும் துவட்டிவிட்டார்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும் டீச்சர். இனிமே எனக்கு உதவி மட்டும் பண்ண வேண்டாம்னு சொல்லுங்க."

அந்த வெள்ளிக்கிழமை வகுப்பு வாடிக் கிடந்தது. கடைசி வரிசையில் அதிகம் பேசாத ஒரு பெண் மெல்லக் கையைத் தூக்கினாள். அவளுடைய அப்பா பிளம்பர்.

"டீச்சர், தண்ணிய ஏன் தூக்கணும்? எங்கப்பாகிட்ட சொன்னா குழாயையே மேல கொண்டு வந்துடுவாரு."

டீச்சர் பலகையில் எழுதப்போன கையை அப்படியே இறக்கினார். வாளியைத் தூக்கிக் கொடுத்தால் அது தொண்டு. குழாய் ஏன் இல்லை என்று கேட்டால்? அவருக்கு முதன்முறையாகப் பாடத்தின் தலைப்பில் இரண்டு சொற்கள் இருப்பது உறைத்தது. தன்னைத்தான் அவர் அதிகம் நொந்துகொண்டார். இத்தனை வருடமாக அந்த வாளிகள் அவருடைய வகுப்பறை வாசலைத் தாண்டித்தான் போயிருக்கின்றன.

பிள்ளைகள் தலைமை சிஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். முப்பத்து நாலு கையெழுத்து. தலைமை சிஸ்டர் நெடுநெடுவென்று இருப்பார்; கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால் பெற்றோர்களே சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்வார்கள். கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"நான் வந்து பதினோரு வருஷம் ஆச்சு. ஆயாம்மா ஒரு நாளும் எங்கிட்ட இதச் சொல்லலையே?"

"நாமளும் கேக்கல சிஸ்டர்" என்றார் டீச்சர்.

சிஸ்டர் எழுந்து வெளியே போனார். கீழ்க்குழாயடியில் நிரம்பியிருந்த வாளியைத் தூக்கினார். "ஐயோ சிஸ்டர், வெச்சிடுங்க!" என்று ஆயாம்மா பின்னாலேயே ஓடினார். சிஸ்டர் வைக்கவில்லை. படி ஏறினார்; டீச்சரும் பின்தொடர்ந்தார். திருப்பத்தில், சீடர்களின் பாதங்களை இயேசு கழுவும் படம் மாட்டியிருந்தது. அவரே வாங்கி மாட்டியதுதான். அதற்குக் கீழே வாளியை வைத்து, சுவரில் கை ஊன்றி நின்றார்.

"இன்னும் எத்தன படி டீச்சர்?"

"பதிமூணு சிஸ்டர். இது பாதிதான்."

"ஒரு நாளைக்குப் பன்னண்டு தடவையா ஏறுறீங்க?" என்று ஆயாம்மாவைப் பார்த்துக் கேட்டார். பள்ளியில் எல்லோரும் அந்த 'ங்க'வைக் கேட்டார்கள். அன்று மாலைக்குள் அது ஆசிரியர் அறைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

குழாய் வர மூன்று வாரம் ஆனது. பிளம்பர் தன் மகள் வகுப்புக்கு முன்னால் வேலை செய்ததாலோ என்னவோ, ஒவ்வொரு குழாயையும் நூல் பிடித்து மாட்டினார். திறப்பு விழாவுக்கு ஆயாம்மாதான் சிறப்பு விருந்தினர். அவர் கைப்பிடியைத் திருகியதும் முதலில் காற்று இருமியது. பிறகு துரு கலந்த தண்ணீர் பீய்ச்சி சிஸ்டரின் வெள்ளை அங்கியில் பாதியை நனைத்தது. அதன் பிறகே நல்ல தண்ணீர் வந்தது. சிஸ்டர் சிரித்ததைப் பிள்ளைகள் அன்றுதான் பார்த்தார்கள்.

ஆயாம்மா அதோடு விடவில்லை. கேட்டால் கிடைக்கிறது என்று தெரிந்துபோயிற்று. துடைப்பக் கட்டைக்கு நீளம் போதாது என்றார், மாற்றினார்கள். மதியம் சாப்பிட ஒரு மேசை வேண்டும் என்றார். ஆசிரியர் அறையில் இடம் ஒதுக்கினார்கள். பெயிண்ட் தண்ணீரைத் தரையில் கொட்டக்கூடாது என்று ஓவிய மாஸ்டரிடமே நேராகச் சொல்லிவிட்டார். மாஸ்டர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஒரு பழைய வாளியோடு வந்தார்.

டீச்சருக்குப் பள்ளியில் 'குழாய் டீச்சர்' என்று பெயர் நிலைத்துவிட்டது. முதலில் கொஞ்சம் கோபம், பிறகு பழகிவிட்டது. அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு அவர் அரை மணி முன்னதாகவே போய் உட்கார்ந்தார். சிஸ்டர் பட்டியலைப் பிரித்து, "இந்த வருஷம் அஞ்சாம் வகுப்புக்கும் நீங்களே அந்தப் பாடத்த எடுத்துக்குங்க" என்றார்.

"சரி சிஸ்டர். ஆனா அந்தப் பொஸ்தகம் வேண்டாம்."

"வேற எத வெச்சு நடத்துவீங்க?"

"முதல் வாரம் நம்ம வாட்ச்மேன வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கேன். அவர் என்ன சொல்றார்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் டீச்சர்.

சிஸ்டர் பேனா மூடியைக் கழற்றி, அதையும் குறித்துக்கொண்டார்.