இடப்பக்கம் வேட்டி கட்டியவர்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நெய்னா முகம்மதுவுக்கு வயது கண்டுபிடிக்கும் வியாதி உண்டு. மனிதர்களின் வயதை அல்ல. அந்தத் துறையில் அவர் ஒரு வாடிக்கையாளரின் மனைவியைப் பார்த்து "அம்மாவா?" என்று அன்போடு விசாரித்து, இருவரையும் நிரந்தரமாக இழந்தவர். அவர் வயது சொல்வது பழைய கண்ணாடி நெகட்டிவ்களுக்கு. விக்டோரியா மகாராணி காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசித்தான் படம் பிடித்தார்கள். அப்படி ஒரு தகட்டைக் கொடுத்தால் ஓரத்தைத் தடவுவார், வெளிச்சத்தில் சாய்ப்பார், பத்து வருஷம் முன்னே பின்னே சரியாகச் சொல்லிவிடுவார்.

"நூத்தம்பது வருஷத்துக் கண்ணாடி தெரியுது. நேத்து செத்த மீனா, போன வாரம் செத்த மீனான்னு மட்டும் தெரிய மாட்டேங்குது, மச்சான்" என்பது அவர் மனைவி ருக்ஸானா எழுப்பும் ஆட்சேபம். டெக்கா சந்தையிலிருந்து அவர் வாங்கி வரும் மீனை முகர்ந்தவர்கள் இதை மறுப்பதில்லை.

இந்த வித்தையில் அவருக்கு ஒரு கொள்கையும் இருந்தது. "கண்ணாடி வயசைச் சொல்லும், பேரைச் சொல்லாது." தகட்டைக் கொண்டுவந்து, "இது எங்க கொள்ளுத்தாத்தாதானே?" என்று ஆசையோடு கேட்ட பலரை இந்த வாக்கியத்தால் அழாத குறையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர் மகள் யும்னாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகும்வரை கொள்கைக்கு ஒரு கீறலும் விழவில்லை.

மாப்பிள்ளை ஸைஃபின் வீடு சிராங்கூனில். கூடத்தில் தலைப்பாகையோடு ஒரு பெரியவரின் படம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. "எங்க பாட்டனார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ரெண்டுல எடுத்தது" என்று ஸைஃபின் வாப்பா அறிமுகப்படுத்திய விதத்தில், படம் இறங்கி வந்து கை குலுக்கிவிடுமோ என்று இருந்தது. நெய்னாவின் முப்பாட்டனார் மீரா லெப்பை நாகூரிலிருந்து அதற்கும் முப்பது வருஷம் முன்பே கப்பலேறியவர். ஆனால் படம் இல்லை. முகமில்லாத முன்னோரை எந்தச் சுவரில் மாட்டுவது? சம்பந்தி வீட்டார் பாசிர் ரிஸ்ஸில் உள்ள நெய்னா வீட்டுக்கு விருந்துக்கு வரவிருந்தார்கள். அதற்குள் தன் வீட்டுச் சுவரிலும் ஒருவர் நிற்க வேண்டும் என்று அவர் மனம் அடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து, பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம் பித்தளை மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள் என்று வாங்கிய பெட்டியின் அடியில் ஒரு தகடு கிடந்தது.

கடையில் கண் பரிசோதிக்கும் எழுத்து விளக்கைக் கழற்றிப் படுக்கவைத்து, எழுத்துத் தாளை உருவிவிட்டு, அதன்மேல் தகட்டை வைத்தார். மருந்து பூசிய மங்கல் பக்கம் கீறிவிடக் கூடாதே என்று அதை மேலே பார்க்க வைத்தார். தடித்த கண்ணாடி. கையால் வெட்டிய கரடுமுரடான ஓரம். பால் அதிகமான காப்பியின் நிறம். ஒரு மூலையில், படம் பிடித்தவர் பிடித்துக்கொண்டதால் மருந்து படாமல் போன கட்டைவிரல் இடம். ஆலையில் செய்த தகடுகள் வருவதற்கு முன்பு, மருந்து ஈரம் காய்வதற்குள் எடுத்த படம். ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகள். சந்தேகமே இல்லை.

போனில் எடுத்து, கறுப்பை வெள்ளையாக்கிப் பார்த்தார். தலைப்பாகை, கோட்டு, வேட்டியோடு ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேட்டியின் தலைப்பு இடப்பக்கம் செருகியிருந்தது.

இடப்பக்கம்! நம் ஊர் வழக்கத்தில் இந்துக்கள் வலப்பக்கம் செருகுவார்கள், முஸ்லிம்கள் இடப்பக்கம். எழுபதுகளில் சிங்கப்பூரில் படம் எடுத்துக்கொள்ளும் வசதியுள்ள, இடப்பக்கம் செருகிய தமிழர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நிறையப் பேர். ஆனால் நெய்னாவின் கணக்கில் ஒருவர்தான். கொள்கை அன்றைக்கு விடுப்பில் இருந்தது. படம் பெரிதாகி, சட்டத்துக்குள் போய், 'முப்பாட்டனார் மீரா லெப்பை' என்ற பெயரோடு கடை மேசைக்கு வந்து சேர்ந்தது.

அங்கே அண்ணாதுரை உட்கார்ந்திருந்தார். இன்சூரன்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் தினமும் வந்து ஓசியில் பேப்பர் படிக்கும் நண்பர். எதையும் முதலில் மறுத்துவிட்டுத்தான் பார்ப்பார்.

"பாய், உங்க முப்பாட்டனார் ஏன் பொம்பளைக் கோட்டு போட்டிருக்காரு?"

"வாய மூடுங்க துரை. அந்தக் காலத்துக் கோட்டு."

"எந்தக் காலத்துலயும் ஆம்பளைக் கோட்டுல இடப்பக்கம்தான் மேல வரும். இங்க வலப்பக்கம் மேல வருது. உங்க சட்டையப் பாருங்க லா."

நெய்னா தன் சட்டையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு யாரோ தண்ணீர் ஊற்றியதுபோல முகம் மாறியது. மங்கல் பக்கத்திலிருந்து பார்த்தால் நெகட்டிவ் இடம் வலமாகத் தெரியும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அதை அவரே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

தகட்டைத் திருப்பி வைத்து மறுபடி எடுத்தார். கோட்டு ஒழுங்காயிற்று. வேட்டி வலப்பக்கம் போய்விட்டது.

அண்ணாதுரை வெகுநேரம் பார்த்தார். "இப்ப எங்க ஆளு மாதிரியில்ல இருக்காரு? மூக்குகூட எங்க சித்தப்பா மூக்கு."

"கண்ணாடி பேரைச் சொல்லாது, துரை."

"காலையில மட்டும் சொல்லுச்சா?"

வீட்டில் ருக்ஸானாதான் வழி சொன்னாள். "பேசாம முதல் படத்தையே மாட்டுங்க. கோட்டுப் பொத்தானையா வந்து பாக்கப் போறாங்க?"

"தலைகீழா இருந்தாக்கூடப் பரவால்ல. திருப்பிப் போட்ட ஆளை எப்படி மாட்டறது?" என்றார். பொய்யான முன்னோரைவிட இடம் வலம் மாறிய படம்தான் அவரை அதிகம் உறுத்தியது. இது எந்த வகை நேர்மை என்று ருக்ஸானாவுக்கு விளங்கவில்லை. விருந்தன்று சரியான படம், பெயர் இல்லாமல், சுவரேறியது.

ஸைஃபின் வாப்பா செருப்பைக் கழற்றியதும் அதைத்தான் பார்த்தார். கிட்டே போனார். "மாஷா அல்லாஹ்! ரொம்பப் பழசா இருக்கே. உங்க பாட்டனாரா?"

நெய்னா ஆசைப்பட்டுக் காத்திருந்த கேள்வி அச்சு அசலாக வந்துவிட்டது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். யும்னா தரையைப் பார்த்தாள்.

"இல்ல" என்றார் நெய்னா. கண்ணாடித் தகடுகளைப் பற்றி அவர் வாழ்நாளில் சொன்ன மிகச் சிறிய பதில் அது.

அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்ற ருக்ஸானா சொன்னாள்: "அவரு விருந்தாளிங்க. உங்களுக்கு முன்னாடியே வந்துட்டாரு. நீங்க உக்காருங்க, சோறு ஆறுது."

ஸைஃபின் வாப்பா உட்காரவில்லை. "அப்ப யாரு இவரு? எந்த வருஷத்துப் படம்னு கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டார், பாவம். நெய்னா அவர் தோளில் கை போட்டு அந்தக் கட்டைவிரல் மூலைக்கு அழைத்துப் போனார். சோறு நன்றாகவே ஆறியது.