மூன்று பாட்டில் கலங்கல் தண்ணீர்

டீக்கடையோ கல்யாண வீடோ, சேட்டு மாமா டம்ளரைச் சாய்த்து அடியைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து பார்க்கிறேன். மயிலத்துக்குப் பக்கத்தில், சங்கராபரணி ஆற்றோரத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு அவர்தான் இருபத்தாறு வருடமாகக் குடிநீர் டேங்க் ஆப்பரேட்டர். “என் தண்ணியில ஒரு தூசி காட்டு, மீசையை எடுத்துடறேன்” என்பார். யாரும் காட்டியதில்லை.

நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. விழுப்புரத்தில் தங்கி ஆராய்ச்சி செய்கிறேன். மழைநீர் காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு செஞ்சி மலைப் பாறைகளை அரிக்கிறது. அந்த வாயு பைகார்பனேட்டாகி ஆற்றோடு கடலுக்குப் போகிறது. பாறையிலிருக்கும் கந்தகம் அமிலமாகிச் சுண்ணாம்பைக் கரைத்தால் கணக்கு திரும்பிவிடும். மலையே வாயுவை வெளியே விடும். எங்கள் ஆறு எந்தப் பக்கம் என்பதுதான் என் கேள்வி. அம்மாவுக்கு இதை விளக்கும்போதெல்லாம், இதற்கா படித்தேன் என்று எனக்கே தோன்றும்.

போன வருடப் புயலில் பேருந்து நின்று, என்னால் ஊருக்கு வர முடியவில்லை. எனக்காக வெள்ளத் தண்ணீரை மூன்று பாட்டிலில் பிடித்து வைத்தவர் மாமாதான். சோதித்தால் கந்தக அமிலத்தின் தடயமான சல்பேட் எகிறியிருந்தது, பைகார்பனேட் பாதியாகியிருந்தது. வெள்ளத்தில் மலை வாயுவை வெளியே விடுகிறது! பேராசிரியர் கட்டுரை எழுதச் சொன்னார். எழுதி முடித்த வாரம் ஊருக்குப் போனேன்.

“நீங்க குடுத்த தண்ணி எனக்குப் பேர் வாங்கித் தரப் போவுது மாமா.”

“பின்ன? செங்கலக் கரைச்ச மாதிரி வந்துச்சு. காலேஜுக்கு அப்படியேவா அனுப்புவேன்? படிகாரத்தை ஒரு சுத்து சுத்தி, தெளிய வச்சு இல்ல ஊத்தினேன்!”

படிகாரம் சல்பேட்டைச் சேர்க்கும், பைகார்பனேட்டைத் தின்றுவிடும். என் கண்டுபிடிப்பு முழுவதும் அந்த ஒரு சுத்துதான்.

மூன்று நாள் கட்டுரையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். மறைத்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. நான்காம் நாள் பேராசிரியரிடம் சொன்னேன், கட்டுரை நின்றது. மாமாவிடமும் சொன்னேன்.

“ஐயோ, பேஜாரு பண்ணிட்டேனே! அடுத்த வெள்ளத்துல மண்ணும் சேறுமா மூணு பாட்டில் தர்றேன். அது என் கடன்.”

இந்தக் கார்த்திகையில் ஆறு நிரம்பியது. மறுபடியும் பேருந்து இல்லை. போன் செய்தேன்.

“ஆத்தாண்டதாம்மா நின்னுக்கினு இருக்கேன். பாட்டிலும் கையிலதான் இருக்குது. ரொம்பக் கலங்கலா போவுது. கொஞ்சம் தெளியட்டுமே.”

“தெளியவே கூடாது மாமா! ஜல்தியா பிடிங்க!”

“நீயே வந்து மொண்டுக்கினு போனா அது வேற. என் கையால எப்படிம்மா…”

தெளிவதற்குள் வெள்ளம் வடிந்துவிட்டது. ஆய்வேட்டை முடிக்க எனக்கு இன்னும் ஒரு மழைக்காலம்தான் இருக்கிறது. மாமா இப்போது என்னைக் கண்டால் மோட்டார் ரூமுக்குள் போய்விடுகிறார். மூன்று பாட்டிலும் இன்னும் வரவில்லை.