வளையம் பொருந்தாத துண்டு

எர்னா சிஃபுவெந்தெஸ் யாரையும் லேசில் நம்பமாட்டாள். கடையில் நிறுத்து வாங்கிய ரொட்டியை வீட்டில் இன்னொரு தடவை நிறுத்துப் பார்ப்பாள். நிலநடுக்கத்தில் புத்தம்புதுச் சுவர் பிளந்து தன் கட்டில்மேல் சாய்ந்ததைப் பார்த்தவளுக்கு அந்தப் புத்தி வராமல் என்ன செய்யும்?

சிலி நாட்டுக் கன்யேத்தே ஊரில் அவள் வேலை பார்த்த ஆலைக்கு யாரும் சீந்தாத பைன் பலகைகள்தான் வரும். முடிச்சுகளை வெட்டியெறிந்து, மிச்சத்தை நுனியோடு நுனி கோத்து, பசை தடவி அடுக்கி அழுத்தினால் நெடுநீள விட்டம் தயார். ஒவ்வொரு விட்டத்தின் முனையிலும் ஒரு துண்டு அறுத்து எர்னாவிடம் கொடுப்பார்கள். அவள் ஊறவைத்து உளியால் பிளப்பாள். மரம் கிழிந்தால் பசை பிடித்திருக்கிறது. ஒட்டிய இடமே வழவழவென்று பிரிந்தால் அந்த விட்டம் அடுப்புக்குத்தான்.

அந்தக் குளிர்காலத்தில் பள்ளிக்கூட விளையாட்டரங்கக் கூரைக்கு விட்டங்கள் தயாராகின. எர்னாவின் மகள் ரயேன் கூடைப்பந்து ஆடப்போகிற அரங்கம். வந்த துண்டெல்லாம் அருமையாகக் கிழிந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை என்பதுதான் எர்னாவை உறுத்தியது. புதிதாக வந்த துண்டு ஒன்றை எடுத்துப்போய் அதை அறுத்ததாகச் சொன்ன விட்டத்தின் முனையில் வைத்துப் பார்த்தாள். மரத்தின் ஆண்டு வளையங்கள் பொருந்தவில்லை.

அழுத்து எந்திரத்து மேஸ்திரி நொல்பெர்த்தோ. ரயேனுக்கு ஞானத்தகப்பனும் அவன்தான்.

“அண்ணே, இது இந்த விட்டத்துத் துண்டு இல்லையே.”

“ஆரம்பிச்சிட்டியா? புருஷன் சட்டப்பையத் துழாவுற புத்தி இங்கயும் வந்துருச்சா?”

“பேச்ச மாத்தாதீங்க. ரம்பத்த எடுங்க.”

அவன் அசையவில்லை. எர்னாவே ரம்பத்தை எடுத்து விட்டத்தின் முனையை அறுத்தாள். ஊறவைக்கக்கூடத் தேவைப்படவில்லை, உளியால் ஒரு தட்டுத் தட்டியதுமே துண்டு வழவழவென்று பிரிந்துவிட்டது.

“பசை தடவி எவ்ளோ நேரம் விட்டீங்க?”

நொல்பெர்த்தோ தொப்பியைக் கழற்றினான். “தடவி முடிக்கவும் சாயங்கால டீ நேரம் வந்துரும். குளிர்ல பசங்க நடுங்குறாங்க. பலகைய அடுப்போரமா அடுக்கிட்டு டீயும் ரொட்டியும் சாப்பிடுவோம். எந்திரத்துல அழுத்துறதுக்குள்ள பசை காஞ்சிருது. ஞாயித்துக்கெழமையும் வந்து மறுபடி செய்யுங்கன்னா அவனுங்க பாவமில்லையா? அதான் வேற நல்ல துண்டா பாத்து அனுப்புனேன்.”

“அவனுங்க பாவம். அந்தக் கூரைக்குக் கீழ ஓடப்போறது உங்க ஞானமக.”

“இந்த ஒண்ணுதான் எர்னா. இப்பவே அறுத்து அடுப்புல போட்டுடறேன்.”

எர்னா வாசலைப் பார்த்தாள். மற்ற விட்டங்களை ஏற்றிய லாரி, எஞ்சின் ஓடியபடி புறப்படத் தயாராக நின்றது.

“மத்த நாளெல்லாம் டீ குடிக்காமயா இருந்தீங்க?”

எர்னா ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு போய் லாரிமேல் ஏறினாள்.